நூறு வென்ஃப்ளான்களை எண்ணிப் பாருங்கள்

கேள்வி கேட்டவர் ஆறு ஆண்டு அனுபவமுள்ள ஸ்டாஃப் நர்ஸ். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவை சிகிச்சை வார்டில் இருக்கிறார். எம்.எஸ்சி. சேர்வதா, ஜெர்மன் படித்துக்கொண்டு வெளிநாடு போவதா என்று குழப்பம். கூடவே ஒரு வரி எழுதியிருக்கிறார்: "எம்.எஸ்சி. என்றால் ஆராய்ச்சி செய்ய வேண்டுமாம். டாக்டர் எழுதுவதை நாங்கள் செய்கிறோம். இதில் ஆராய என்ன இருக்கிறது?"

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். படிப்பா, வெளிநாடா என்பதற்கான பதில் பாதி அதற்குள் இருக்கிறது.

நான் பயிற்சி பெற்றது 1980களில். முதலாண்டிலேயே 'பேக் கேர்' கற்றுக்கொடுத்தார்கள். எழுந்திருக்க முடியாத நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகிலும் இடுப்பெலும்பின் மேலும் ஸ்பிரிட்டை விட்டு, உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்து, கடைசியில் பவுடர் போட வேண்டும். தேய்த்தால் ரத்த ஓட்டம் கூடும், ஸ்பிரிட் தோலை உறுதிப்படுத்தும், படுக்கைப்புண் வராது என்பது பாடம். சிவந்திருக்கும் இடத்தில் இன்னும் சற்று நேரம் தேய்க்கச் சொல்வார்கள். செய்முறைத் தேர்வில் இதற்கு மதிப்பெண்ணும் உண்டு.

இரண்டாம் ஆண்டில் பக்கவாதம் வந்த ஒரு பெரியவர் என் பொறுப்பில் இருந்தார். ஒல்லியான உடம்பு, இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருக்கும். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை தவறாமல் தேய்த்தேன். ஒரு வாரத்தில் அங்கே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு தெரிந்தது. அதிகமாகத் தேய்த்தேன். அடுத்த சில நாட்களில் அது கருஞ்சிவப்பாகி, ஒரு காலையில் துணியோடு தோலும் சேர்ந்து வந்துவிட்டது. நான் சரியாகத் தேய்க்கவில்லை என்று வார்டு சிஸ்டர் திட்டினார். நானும் அதையே நம்பி, இரவு விடுதியில் அழுதேன்.

நான் அவர் முதுகைத் தேய்ப்பதற்கு இருபது ஆண்டுக்கு முன்பே, 1962இல், டோரீன் நார்டன் என்ற ஆங்கிலேயச் செவிலியர் தம் கூட்டாளிகளோடு சேர்ந்து, மருத்துவமனையில் இருந்த முதியோரைக் கவனித்து ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தார். தோலின் மேல் எதைத் தடவினாலும் தேய்த்தாலும் புண்ணைத் தடுக்கவில்லை. நோயாளியை ஒழுங்காகப் புரட்டிப் படுக்க வைத்ததுதான் தடுத்தது. யாருக்குப் புண் வரும் என்பதை முன்கூட்டியே சொல்ல ஐந்தே ஐந்து விஷயங்களையும் அவர் குறித்தார்: உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், தானாகப் புரளும் திறன், சிறுநீர் மலக் கட்டுப்பாடு. மொத்தம் 20 மதிப்பெண். 14 அல்லது அதற்குக் கீழே போனால் கவனம் வேண்டும். என் பெரியவருக்கு இப்போது மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தால் எட்டோ ஒன்பதோ வரும். முதல் நாளே போட்டிருக்கலாம்.

சிவந்த எலும்பு மேட்டில் தேய்க்கக் கூடாது என்று இன்று எல்லா வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன. அந்தச் சிவப்புக்கு அடியில் ரத்தக் குழாய்கள் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். தேய்ப்பது மிச்சமிருப்பதையும் சிதைக்கும். குதிகாலுக்கடியில் கையுறையில் தண்ணீர் நிரப்பி வைக்கிறோமே, அதையும் வேண்டாம் என்கிறார்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துக் குதிகாலை அந்தரத்தில் விட்டாலே போதும். உங்கள் வார்டில் இன்று எத்தனை கையுறைகள் தண்ணீரோடு கிடக்கின்றன என்று பார்த்துவிட்டு வந்து மேலே படியுங்கள்.

இதில் டாக்டர் எழுதியது என்று எதுவுமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பேக் கேர் எந்த கேஸ் ஷீட்டிலும் மருத்துவர் கையெழுத்தில் வந்ததில்லை. அது நம் வேலை, நம் பாடம், நம் தவறு. அதைத் திருத்தியதும் ஒரு செவிலியர்தான். ரவுண்ட்ஸ் நேரம் பத்து நிமிடம். மிச்சப் பொழுது முழுவதும் அந்த உடம்பு நம் கையில் இருக்கிறது. எப்படிப் படுக்க வைப்பது, எப்போது ஊட்டுவது, மூக்கு வழியாக உணவு விடும் ரைல்ஸ் டியூப் வயிற்றில்தான் இருக்கிறதா என்று எப்படி உறுதிப்படுத்துவது, எந்த இடத்தில் ஊசி போடுவது என்று ஆராய்வதற்கு மலையளவு கிடக்கிறது. ரைல்ஸ் டியூபில் காற்றை அடித்து ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்டு 'வயிற்றில்தான்' என்று எழுதுகிறோமே, அந்தச் சத்தம் குழாய் நுரையீரலில் இருந்தாலும் கேட்கும். உறிஞ்சி எடுத்த நீரின் அமிலத்தன்மையைத் தாளில் பார்க்க வேண்டும், சந்தேகமிருந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இது தெரியாமல் நான் எத்தனை பேருக்குக் கஞ்சி விட்டிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

ஆராய்ச்சி என்றால் கூடுதல் வேலை என்று ஒரு பயம் உண்டு. சில நேரம் அது வேலையைக் குறைக்கும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்பது நாம் வேதவாக்காக வைத்திருந்த விதி. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் 942 பேரை இரண்டு, மூன்று, நான்கு மணி நேர இடைவெளி என்று பிரித்துப் பார்த்த ஆய்வு 2013இல் வந்தது. புண் வருவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உடனே நான்கு மணிக்கு மாறிவிடாதீர்கள். அவர்கள் எல்லோரும் படுத்திருந்தது அடர்த்தியான நுரை மெத்தையில். நம் ரெக்ஸின் உறை போட்ட, நடுவில் குழி விழுந்த மெத்தைக்கு அந்த முடிவு செல்லாது. ஓர் ஆய்வைப் படிக்கும்போது முடிவை மட்டும் பார்க்காமல் மெத்தையையும் பாருங்கள் என்று என் மாணவிகளுக்குச் சொல்வேன்.

இப்போது உங்கள் வார்டுக்கு நெருக்கமான ஒன்று. ட்ரிப்புக்காகக் கையின் ரத்தக் குழாயில் ஏற்றி வைக்கும் வென்ஃப்ளான் ஊசிக்குழாயைப் போட்டு 72 மணி நேரம் ஆனதும், நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் கழற்றிவிட்டு வேறு கையில் போடுகிறீர்கள் அல்லவா? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கிளேர் ரிக்கார்ட் என்ற செவிலியர் ஆய்வாளர் தலைமையில் 3,283 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். ஒரு பாதிக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை கட்டாயமாக மாற்றினார்கள். மறு பாதிக்கு வீக்கம், வலி, அடைப்பு என்று ஏதாவது தெரிந்தால் மட்டும் மாற்றினார்கள். சிரை அழற்சி, அதாவது ஊசி ஏறிய ரத்தக் குழாய் வீங்கிச் சிவப்பது, இரு பக்கத்திலும் 7 சதவீதம். அதாவது நல்ல நரம்பில் ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றி, மறு கையில் மூன்று முறை குத்தி, அந்த அம்மாவை அழவைத்ததால் கிடைத்த ஆதாயம் ஒன்றுமில்லை.

கதை அத்துடன் முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகள் இந்த முடிவை நம்பித் தங்கள் வழக்கத்தை மாற்றின. பிறகு ரத்தத்தில் தொற்று கூடியிருப்பதைத் தங்கள் கண்காணிப்புக் கணக்கில் கண்டு, பழைய வழக்கத்துக்கே திரும்பின. அந்த அறிக்கை 2021இல் வந்தது. 'தேவைப்பட்டால் மாற்று' என்ற விதிக்குள் ஒளிந்திருக்கும் நிபந்தனை, ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒருவர் பிளாஸ்டரைத் தாண்டி அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது. ஆய்வு நடக்கும்போது பார்ப்பார்கள்; ஆய்வாளர்கள் போன பிறகு யார் பார்ப்பது? உங்கள் மருத்துவமனைக்கு எது சரி என்று குயின்ஸ்லாந்தும் சொல்லாது, ஜெனீவாவும் சொல்லாது. உங்கள் வார்டைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு மீண்டும் வருகிறேன்.

எண்ணுவது என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஆண்டுதோறும் மே 12 அன்று மெழுகுவத்தி ஏற்றி உறுதிமொழி எடுக்கிறோம், விளக்கேந்திய அம்மையார் என்று மேடையில் பேசுகிறார்கள். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் கையில் விளக்கைவிட அதிக நேரம் இருந்தது கணக்குப் புத்தகம். கிரிமியப் போரில் காயத்தால் செத்த சிப்பாய்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்களே அதிகம் என்பதை வட்ட வரைபடமாகப் போட்டு அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டியவர். லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர். இந்தியாவில் இருந்த படையினரின் சுகாதாரம் பற்றிய 1863ஆம் ஆண்டு அறிக்கையில் அவர் உழைப்பு பெரிது, அதுவும் இந்த மண்ணில் காலே வைக்காமல். நம் விழாக்களில் இதை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பரிவு என்றால் கைதட்டுவார்கள், சதவீதம் என்றால் கொட்டாவி விடுவார்கள்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில், இரவில் 28 பேருக்கு நீங்கள் ஒருவர், உதவிக்கு ஒரு பயிற்சி மாணவி என்று எழுதியிருக்கிறீர்கள். புகாராகக்கூட எழுதவில்லை. எனக்கு அதைப் படித்ததும்தான் விரிவாகப் பதில் எழுதத் தோன்றியது.

லிண்டா ஐக்கன் என்ற அமெரிக்கச் செவிலியர், சமூகவியலும் படித்தவர். பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டார். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட செவிலியர்களிடம், கடைசியாகப் பார்த்த ஷிஃப்டில் எத்தனை நோயாளிகள் என்று கேட்டார். அதே மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,32,342 பேரில் யார் 30 நாட்களுக்குள் இறந்தார்கள் என்ற பதிவை அதனோடு சேர்த்துப் பார்த்தார். நோயாளிகளின் வயது, நோயின் கடுமை, மருத்துவமனையின் அளவு, வசதி எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகு வந்த முடிவு: ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால், இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. நான்கு நோயாளிகள் இருந்த இடத்தில் எட்டு என்றால் 31 சதவீதம். 2002இல் வெளியானது இது. 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை வைத்துப் பார்த்தபோதும் அதே 7. அங்கே இன்னொன்றும் தெரிந்தது. பட்டப்படிப்பு படித்த செவிலியர்களின் பங்கு 10 சதவீதம் கூடினால், இறப்பு வாய்ப்பு 7 சதவீதம் குறைந்தது.

ஏன் இப்படி? அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கல் நல்ல மருத்துவமனையிலும் வரும், மோசமான மருத்துவமனையிலும் வரும். அதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள் என்பதில்தான் பெரிய வேறுபாடு. மீட்கத் தவறுதல் என்றே இதற்கு ஓர் அளவை வைத்திருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு ஒருவர் படுக்கையில் நெளிகிறார், மூச்சு நிமிடத்துக்கு 18 இருந்தது 26 ஆகியிருக்கிறது, சிறுநீர்ப் பையில் மாலையிலிருந்து ஐம்பது மில்லிதான். ஐந்து பேரைப் பார்ப்பவருக்கு இது கண்ணில் படும். 28 பேரைப் பார்ப்பவர் மூச்சை எண்ணவே மாட்டார். சார்ட்டில் '20' என்று எழுதிவிட்டு நகர்வார். திட்ட வேண்டாம், நானும் எழுதியிருக்கிறேன். எல்லா நோயாளிகளும் நிமிடத்துக்கு இருபது முறை மூச்சு விடும் அதிசய வார்டுகள் நம் நாட்டில் ஏராளம்.

இந்த ஆய்வுகளுக்கு ஒரு மறுப்பு உண்டு. செவிலியர் அதிகம் உள்ள மருத்துவமனை பணக்கார மருத்துவமனையாகவும் இருக்கும், அதனால்தான் இறப்பு குறைவோ என்பது. நியாயமான சந்தேகம். அதற்குப் பதில் குயின்ஸ்லாந்திலிருந்து வந்தது. அங்கே 2016இல் சில அரசு மருத்துவமனைகளில் மட்டும் பகலில் நால்வருக்கு ஒருவர், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். சட்டத்துக்கு முன்பும் பின்பும், சட்டம் வந்த இடம் வராத இடம் என்று ஒப்பிட்டு 2021இல் எழுதினார்கள். சட்டம் வந்த இடத்தில் இறப்பு குறைந்தது, தங்கும் நாட்களும் மற்ற இடத்தைவிட அதிகமாகக் குறைந்தன. திரும்பச் சேர்க்கப்படுவது சட்டம் வராத இடத்தில் கூடியது, வந்த இடத்தில் கூடவில்லை. மிச்சமான செலவு, கூடுதல் செவிலியர்களுக்குக் கொடுத்த சம்பளத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. கலிஃபோர்னியா இதற்கும் முன்பே, 2004இலிருந்து இத்தகைய விகிதத்தைச் சட்டமாக நடத்திவருகிறது.

நம்மிடம் விதி இல்லாமல் இல்லை. கற்பித்தல் மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று பேருக்கு ஒருவர், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர், விடுப்புக்கு ஈடாக மேலும் 30 சதவீதம் என்று இந்திய நர்சிங் கவுன்சில் விதிமுறை வைத்திருக்கிறது. மருத்துவமனையைச் சோதிக்கக் குழு வரும் நாளில் அந்த எண்ணிக்கையில் வெள்ளைச் சீருடைகள் எங்கிருந்தோ வந்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன். நம்மிடம் இல்லாதது, நம் வார்டுகளில் ஒரு செவிலியர் கூடினால் குறைந்தால் என்ன ஆகிறது என்ற நம் கணக்கு. அது இல்லாதவரை நிர்வாகத்திடம் நாம் போய் நிற்பது முறையீடாகத்தான் இருக்கும்.

சரி, நம் ஊரில் நர்சிங் ஆராய்ச்சியே நடப்பதில்லையா? நடக்கிறது. பட்டப்படிப்பு நர்சிங் நாட்டிலேயே முதலில் வந்த இரண்டு இடங்களில் ஒன்று வேலூர், 1946இல், மற்றது டெல்லி. இன்று தமிழ்நாட்டில் எம்.எஸ்சி. முடிக்கும் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வருகிறார்கள். ஆனால் நீங்கள் மாநாட்டு அழைப்பிதழ் ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லாத் தலைப்பும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். சரியாகவே பார்த்தீர்கள்.

அந்த அச்சு இதுதான். 'இன்ன நோயைப் பற்றிய அறிவில் கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் திட்டத்தின் பயன்.' அறுபது தாய்மார்களைப் பிடித்து முப்பது கேள்விகள் கேட்க வேண்டும். முக்கால் மணி நேரம் படம் காட்டிப் பாடம் நடத்த வேண்டும். ஏழாம் நாள் அதே முப்பது கேள்விகளைத் திரும்பக் கேட்க வேண்டும். மதிப்பெண் கூடியிருக்கும். கூடாமல் எங்கே போகும்? விடையைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தானே கேட்கிறோம். திட்டம் பயனுள்ளது என்று எழுதி, தங்க எழுத்தில் பைண்டு செய்து, நூலகத்தில் வைத்துவிடுவோம். அந்தத் தாய்மார்களின் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு குறைந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. இப்படிப்பட்ட ஆய்வேடுகளுக்கு நான் வழிகாட்டியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஒன்றல்ல, பல. மாணவிக்குத் தகவல் திரட்டக் கிடைப்பது சில வாரங்கள், பதிவேடுகள் பாதிக் காலி, வார்டுப் பணியாளர்களுக்கு அந்த மாணவி ஒரு தொந்தரவு. அந்த நிலையில் எது முடியுமோ அதைச் செய்தோம். அதைச் சமாதானமாகச் சொல்லவில்லை, காரணமாகச் சொல்கிறேன்.

இத்தனைக்கும், நம் ஊரில் மட்டுமே செய்யக்கூடிய ஆராய்ச்சிகள் இருக்கின்றன. வலியை எடுத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை என்று கேட்கச் சொல்கிறது படிவம். கிராமத்திலிருந்து வந்த பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். தாங்க முடியவில்லை கண்ணு என்பார், எண் வராது. ஆனால் அதே பாட்டி குத்துகிறது, கடுக்கிறது, குடைகிறது, சுருக்கென்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது, எரிகிறது, இழுத்துப் பிடிக்கிறது என்று ஏழு வலிகளை வேறு வேறாகச் சொல்லுவார். எங்கள் வார்டில் வயதான ஓர் ஆயா, நோயாளிகளிடம் ஒரு ரூபாய்க்கு எத்தனை காசு வலி குறைந்திருக்கிறது என்று கேட்பார். அறுபது காசு, முக்கால் ரூபாய் என்று உடனே பதில் வரும். அது ஓர் அளவுகோல். அதை முறையாகச் சோதித்துப் பார்க்க எனக்கு முப்பது ஆண்டு இருந்தது. நான் செய்யவில்லை.

இன்னொன்று. நம் மருத்துவமனைகளில் நோயாளியைப் புரட்டுவதும் ஊட்டுவதும் பெரும்பாலும் கூட இருக்கும் மகளோ மருமகளோதான். வெளிநாட்டு ஆய்வுகளில் பெரும்பாலும் அப்படி ஒருவரே கிடையாது. அந்த மருமகளுக்குப் புரட்டக் கற்றுக்கொடுங்கள். ஏழாம் நாள் அவரிடம் கேள்வி கேட்காதீர்கள். மாமியாரின் இடுப்பைத் திருப்பிப் பாருங்கள். புண் இருக்கிறதா, இல்லையா? அதே கற்பித்தல் திட்டம்தான், ஆனால் இப்போது அது ஆராய்ச்சி.

இனி உங்கள் மேற்படிப்புக் கேள்வி. கொஞ்சம் வெட்டொன்று துண்டு இரண்டாகவே சொல்கிறேன். சம்பளத்துக்காக எம்.எஸ்சி. படிக்காதீர்கள். பல தனியார் நர்சிங் கல்லூரிகளில் எம்.எஸ்சி. முடித்த ஆசிரியை வாங்குவது, பெரிய மருத்துவமனையின் மூத்த ஸ்டாஃப் நர்ஸ் வாங்குவதைவிடக் குறைவு. வெளிநாட்டுக்காகவும் படிக்க வேண்டாம். அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் தேர்வும், ஜெர்மனிக்கு பி2 நிலை மொழியறிவும் படிப்பு அங்கீகாரமும் கேட்பார்கள், எம்.எஸ்சி. கேட்பதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு அனுபவம் அங்கே அதைவிடச் செல்லும். ஜெர்மனிக்குப் போன என் மாணவிகள் முதல் மாதம் தொலைபேசியில் சொல்வது ஒன்றே: அங்கே குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் செவிலியர் வேலை, கூட இருக்கும் மருமகள் கிடையாது. அதைத் தாழ்வாக நினைத்தவர்கள் திரும்பிவந்தார்கள். அதுதான் தொழிலின் அடிமரம் என்று புரிந்துகொண்டவர்கள் நன்றாக இருக்கிறார்கள். வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் தயங்காமல் போங்கள். அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைக்கப்பட்ட குழு, 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு இணையாகவும், 50க்குக் குறைந்தவைகூட 20,000 ரூபாய்க்குக் குறையாமலும் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. உங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்தால், அது எந்த அளவுக்குக் காகிதத்தைத் தாண்டி வந்திருக்கிறது என்பது தெரியும்.

கற்பிக்க ஆசை இருந்தால் எம்.எஸ்சி. சேருங்கள். நோயாளியின் பக்கத்திலேயே இருந்து மேலே போக வேண்டும் என்றால், தீவிர சிகிச்சைச் செவிலிய வல்லுநருக்கான இரண்டாண்டுப் படிப்பைப் பாருங்கள். வார்டில் வேலை செய்துகொண்டே படிப்பது. தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் பணியையும் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். எண்ணுவதில் ஆர்வமுள்ளவருக்கு அதைவிடப் பொருத்தமான நாற்காலி மருத்துவமனையில் இல்லை. நாளெல்லாம் கணக்கெடுப்பதுதான் வேலை, அதற்குச் சம்பளமும் உண்டு.

ஆனால் எந்த விண்ணப்பத்தையும் நிரப்புவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வார்டில் அடுத்த நூறு வென்ஃப்ளான்களை எண்ணுங்கள். எந்தக் கை, மணிக்கட்டா முன்கையா, எந்த அளவு ஊசி, எத்தனையாவது முயற்சியில் ஏறியது, எப்போது கழற்றினீர்கள், ஏன் கழற்றினீர்கள். 'ஏன்' என்ற பத்தியில்தான் விஷயம் இருக்கிறது: நேரம் ஆனதாலா, வீங்கியதாலா, அடைத்ததாலா, நோயாளி இழுத்துவிட்டதாலா. முதலில் இன்சார்ஜ் சிஸ்டரிடமும் நர்சிங் சூப்பரிண்டெண்டிடமும் சொல்லிவிடுங்கள். நோயாளியின் பெயர் எழுத வேண்டாம், வரிசை எண் போதும். வெளியே கட்டுரையாகக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், எண்ணத் தொடங்குவதற்கு முன்பே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும். முடித்துவிட்டுப் போய் நின்றால் கொடுக்க மாட்டார்கள். புள்ளியியல் தெரிந்தவரையும் முன்னாலேயே பாருங்கள். நூறு தாள்களைத் தூக்கிக்கொண்டு கடைசியில் போனால், கேட்காமல் விட்ட கேள்வியை அவரால் உண்டாக்கித் தர முடியாது.

போட்டவர் பெயரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எழுதாதீர்கள். நம் மருத்துவமனைகளில் தவறைப் பதிவு செய்தால் மறுநாள் மெமோ வரும். ஒருமுறை மெமோ வந்துவிட்டால் அதன்பின் அந்த வார்டில் எந்த வென்ஃப்ளானும் வீங்காது, எழுத்தில்.

எண்ணும்போது எதிர்பாராதது ஏதாவது கண்ணில் படும். சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் மருந்து கொடுக்கும்போது செவிலியர்கள் பின்னாலேயே ஆள் நிறுத்திப் பார்த்தார்கள். 98 செவிலியர்கள், 4,271 மருந்துகள். நடுவில் யாராவது ஒருமுறை குறுக்கிட்டால், தவறு நேரும் அளவு 12 சதவீதத்துக்கு மேல் கூடியது. 2010இல் வந்தது. உங்கள் காலை எட்டு மணி மருந்து ட்ராலியை நினைத்துப் பாருங்கள். சிஸ்டர், ட்ரிப் முடிந்துவிட்டது. சிஸ்டர், டிஸ்சார்ஜ் எப்போது. மருந்தகத்திலிருந்து ஃபோன். ஆறாம் படுக்கைக்கு டாக்டர் கூப்பிடுகிறார். வென்ஃப்ளானை எண்ணப் போய், அதைவிட இதை எண்ணியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றினால், அதுவே எம்.எஸ்சி.க்கு நீங்கள் கொண்டுபோக வேண்டிய தலைப்பு. நேர்முகத்தில் எதைப் பற்றி ஆய்வு செய்வீர்கள் என்று கேட்டால், மற்றவர்கள் கற்பித்தல் திட்டம் என்பார்கள். நீங்கள் நோட்டை எடுத்து மேஜைமேல் வையுங்கள்.

எதுவும் தோன்றாமல், நூறை எண்ணி முடிப்பதே பெரும் சலிப்பாக இருந்தால், ஜெர்மன் வகுப்புக்குப் பணம் கட்டிவிடுங்கள். அந்த நோட்டை அடுத்து வரும் ஜூனியரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.